நரகமும் அல்லேலூயாவும்: வெளிப்படுத்தல் 19:3-ஐ எந்த வாயால் பாடுவது?

ஆழங்களிலிருந்து (இழையைத் தொடங்கியவர்)

எல்லாருக்கும் ஸ்தோத்திரம்.

புதிய ஏற்பாட்டில் ‘அல்லேலூயா’ நாலே நாலு தடவைதான் வருகிறது. நாலும் வெளிப்படுத்தல் 19-இல்: வசனம் 1, 3, 4, 6. ஞாயிறு தவறாமல் நாம் பாடுகிற சொல் இது. அந்த இரண்டாவது அல்லேலூயாவுக்கு என்ன காரணம் சொல்லியிருக்கிறது? ‘அவளுடைய புகை என்றென்றைக்கும் எழும்புகிறது.’ புகையைப் பார்த்துப் பாடுகிற துதி அது.

நித்திய ஆக்கினை உண்டு என்று அறிக்கையிடுகிற ஒருவர், அதே வாயால் ‘கர்த்தர் நல்லவர், அவர் கிருபை என்றுமுள்ளது’ என்று முழு மனதோடு பாடுவது எப்படி? இதுதான் என் கேள்வி.

வழக்கமான மூன்று பதில்களை முதலிலேயே ஒதுக்கிவிடுகிறேன். ‘அவர் தேவன், கேள்வி கேட்கக்கூடாது’ என்பது ஒன்று. ஆபிரகாம் கேட்டார்: ‘சர்வலோக நியாயாதிபதி நீதி செய்யாதிருப்பாரோ?’ (ஆதியாகமம் 18:25). அதற்காக அவர் கடிந்துகொள்ளப்படவில்லை. ‘தேவன் யாரையும் அனுப்புவதில்லை, மனுஷன் தானே போகிறான்’ என்பது இரண்டாவது. அதில் உண்மை உண்டு, ஆனால் வெளி. 20:15-இல் இருப்பது ‘தள்ளப்பட்டான்’ என்ற வினை. அதைக் கண்டும் காணாமல் போக முடியாது. ‘பரலோகத்தில் போனவர்களின் நினைவே இருக்காது’ என்பது மூன்றாவது. மறதி தந்துதான் ஒரு தாயைச் சந்தோஷப்படுத்த முடியும் என்றால் அந்தச் சந்தோஷத்தைப் பற்றியே கேள்வி எழும்.

வசனத்தோடும் காரணத்தோடும் எழுதுங்கள்.

மூலமொழி_வாசகர்

துதியைப் பற்றிப் பேசுவதற்கு முன் சொற்களைப் பிரித்து வைக்க வேண்டும். இந்தச் சண்டையில் பாதி, நாலு வேறு சொற்களை ஒரே பாத்திரத்தில் ஊற்றியதால் வந்தது.

1. ஷியோல். எபிரெயம். பழைய ஏற்பாட்டில் 65 இடங்கள். நல்லவர் கெட்டவர் எல்லாரும் இறங்குகிற, செத்தவர்களின் இடம். நம் பழைய மொழிபெயர்ப்பில் பெரும்பாலும் ‘பாதாளம்’.

2. ஹாதேஸ். ஷியோலுக்கு ஈடான கிரேக்கச் சொல். இதுவும் ‘பாதாளம்’. ஐசுவரியவான்-லாசரு பகுதியில் (லூக்கா 16:23) இருப்பது இதுதான்.

3. கெஹென்னா. ‘நரகம்’. 12 இடங்கள்: மத்தேயுவில் 7, மாற்குவில் 3, லூக்காவில் 1, யாக்கோபு 3:6-இல் 1.

4. தார்த்தாரு. 2 பேதுரு 2:4-இல் வினைவடிவாக ஒரே ஒரு தடவை, அதுவும் பாவஞ்செய்த தூதர்களைப் பற்றி. தமிழில் இதுவும் ‘நரகம்’ ஆகிவிட்டது.

தமிழ் வேதாகமம் இந்தப் பாகுபாட்டை நன்றாகவே காப்பாற்றுகிறது. ஆங்கிலப் பழைய மொழிபெயர்ப்பை விட எவ்வளவோ மேல். 1611-இல் வந்த அந்த மொழிபெயர்ப்பு ஷியோலை 31 இடத்தில் நரகம் என்றும், 31 இடத்தில் கல்லறை என்றும், 3 இடத்தில் குழி என்றும் போட்டது. நம்முடையதிலும் சறுக்கல் உண்டு. சங்கீதம் 9:17-இல் மூலத்தில் ஷியோல்; தமிழில் ‘நரகத்திலே தள்ளப்படுவார்கள்’. அந்த ஒரு வசனத்தை வைத்து எழுப்புதல் கூட்டத்தில் முழுப் பிரசங்கம் செய்தால், அஸ்திபாரமே வேறு சொல்லின் மேல் நிற்கிறது.

பாதாளமும் நரகமும் ஒன்றல்ல என்பதற்கு ஒரே வசனம் போதும். வெளி. 20:14: ‘மரணமும் பாதாளமும் அக்கினிக்கடலிலே தள்ளப்பட்டன.’ பாதாளமே தள்ளப்படுகிறது. அப்படியானால் லூக்கா 16-ஐ நித்திய நரகத்தின் வரைபடமாக விரிக்க முடியாது. அந்த மனுஷனின் ஐந்து சகோதரர் இன்னும் வீட்டில் உயிரோடு இருக்கிறார்கள். உயிர்த்தெழுதலும் கடைசி நியாயத்தீர்ப்பும் வரவில்லை.

இன்னொன்று. ‘கெஹென்னா எருசலேமின் குப்பைமேடு, அங்கே எப்போதும் தீ எரிந்துகொண்டிருக்கும்’ என்று அநேகம் பிரசங்கங்களில் வருகிறது. தாவீது கிம்ஹி என்ற யூத உரையாசிரியர் கி.பி. 1200 வாக்கில் சங்கீதம் 27-க்கு எழுதிய உரையில்தான் இது தலைகாட்டுகிறது. இயேசுவின் காலத்து எழுத்தில் ஆதாரம் இல்லை, அகழ்வாய்விலும் இல்லை. உண்மையான பின்னணி அதைவிடக் கொடியது. இன்னோம் பள்ளத்தாக்கில் தோப்பேத் என்ற இடத்தில் பிள்ளைகளைத் தீயில் பலியிட்டார்கள் (எரேமியா 7:31). யோசியா ராஜா அதைத் தீட்டுப்படுத்தினார் (2 இராஜாக்கள் 23:10). பிள்ளைகளை எரித்த இடத்தின் பெயரைத்தான் இயேசு எடுத்தார். அந்தத் தீயைப் பற்றி எரேமியாவில் கர்த்தர் சொன்ன வார்த்தை: ‘அதை நான் கட்டளையிடவுமில்லை, அது என் மனதில் தோன்றவுமில்லை.’ நரகத்தைப் பற்றிப் பேசுகிற எவரும் இந்த வசனத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே பேச வேண்டும்.

நெய்தல்நிலத்தான்

மூலமொழி ஐயா விட்ட இடத்திலிருந்து. தமிழ் காதுக்கென்று ஒரு தனிச் சிக்கல் உண்டு. ‘நரகம்’ என்ற சொல் மிஷனரிகள் வருவதற்கு முன்பே இங்கே குடியிருந்தது. குறளில் ‘அளறு’, காப்பியங்களில் ‘நிரயம்’. நம் நாட்டுச் சைவ வைணவக் கணக்கில் நரகம் என்பது வினை தீரும்வரை இருந்துவிட்டுத் திரும்பிப் பிறக்கிற இடம். அதற்கு வெளிவாசல் உண்டு. அதனால்தான் கிறிஸ்தவ மொழிபெயர்ப்பாளர்கள் ‘நித்திய’ என்ற அடையை ஒட்டவைக்க வேண்டியிருந்தது. ஊர்ப்புறத்தில் சுவிசேஷம் சொல்கிறவர் வெறுமனே ‘நரகம்’ என்றால், சொல்பவரும் கேட்பவரும் வேறு வேறு இடத்தை நினைக்கிறார்கள்.

‘ஆக்கினை’யும் அப்படித்தான். அது ஆணை, தீர்ப்பு என்ற பொருளிலிருந்து வந்த நீதிமன்றச் சொல். இன்று பேச்சுவழக்கில் அந்தச் சொல் செத்துவிட்டதால் கேட்கிறவர் ‘சித்திரவதை’ என்று மனதில் மாற்றிக்கொள்கிறார். மத்தேயு 25:46-ஐ விளக்கும்போது ‘தீர்ப்பினால் வரும் தண்டனை’ என்று ஒரு வரி சேர்த்துவிடுங்கள்.

பக்கத்து வீட்டுப் பக்தியிலிருந்து ஒன்றைச் சொல்லவும் ஆசை. திருவாசகத்தில் மாணிக்கவாசகர், உன் திருவருளோடு இருக்கப்பெற்றால் ‘நரகம் புகினும் எள்ளேன்’ என்கிறார். சங்கீதம் 139:8-உம் கிட்டத்தட்ட அங்கேதான் நிற்கிறது: ‘நான் பாதாளத்தில் படுக்கை போட்டாலும், நீர் அங்கேயும் இருக்கிறீர்.’ இரண்டும் ஒரே போதனை என்று சொல்ல வரவில்லை. இடத்துக்குப் பயந்து வணங்குவது வேறு, ஆளை நேசித்து வணங்குவது வேறு என்பது தமிழனுக்குப் புதிதாகக் கற்றுத்தர வேண்டிய பாடம் அல்ல. அந்தத் திருவாசகம் முழுவதையும் 1900-இல் ஆங்கிலத்தில் கொண்டுவந்தவர் மிஷனரியாக இங்கே ஊழியம் செய்த ஜி.யு. போப்.

ஜெனீவா_வழி

நான் நித்திய ஆக்கினையை வேதம் போதிக்கிறது என்று நம்புகிறவன், அதனால் அந்தப் பக்கத்தை நேராக வைக்கிறேன். ஆழங்களிலிருந்து சகோதரர் ஒதுக்கிய பதில்களை நானும் ஒதுக்குகிறேன்.

முதலாவது, வசனம். மத்தேயு 25:46-இல் ‘நித்திய ஆக்கினை’யும் ‘நித்திய ஜீவன்’உம் ஒரே வாக்கியத்தில், ஒரே அடைச்சொல்லோடு (அயோனியோஸ்) வருகின்றன. ஒன்றுக்கு முடிவு உண்டென்றால் மற்றதற்கும் உண்டு என்று அகுஸ்தீன் ‘தேவனுடைய நகரம்’ 21-ஆம் புத்தகத்தில் வாதாடினார். அதற்கு இன்றுவரை எளிதான மறுப்பு இல்லை. 1530-இன் அவுக்ஸ்புர்க் விசுவாச அறிக்கை 17-ஆம் பிரிவும், அத்தனாசியு பிரமாணமும் இதையே சொல்கின்றன. தரங்கம்பாடி வழிவந்த லுத்தரன் சபைகளுக்கும் அது அறிக்கைதான்.

இரண்டாவது, நீதி. இங்கே நம் ஆட்களே பலவீனமான வாதத்தை எடுக்கிறார்கள். ‘அளவற்ற தேவனுக்கு எதிரான பாவம், ஆகவே அளவற்ற தண்டனை’ என்ற அன்செல்ம் வழிக் கணக்கு (அவர் நூல் 1098-இல் முடிந்தது) நடுக்கால மேன்மக்கள் சமுதாயத்தில் எடுபட்டது. இன்று அதைக் கேட்கிறவருக்கு, பெரியவனை அடித்தால் பெரிய தண்டனை என்கிற ஊர்ப் பஞ்சாயத்து போலத் தோன்றும். அதைவிட வலுவானது இது: பாவம் அங்கே நிற்பதில்லை. ‘அநியாயஞ்செய்கிறவன் இன்னும் அநியாயஞ்செய்யட்டும்’ (வெளி. 22:11). எதிர்ப்பு தொடர்கிறது, ஆகவே பிரிவும் தொடர்கிறது.

மூன்றாவது, அளவு. எல்லாருக்கும் ஒரே கொதிநிலை என்று வேதம் சொல்லவில்லை. லூக்கா 12:47-48-இல் அநேக அடிகள், சில அடிகள் என்று வேறுபாடு உண்டு. தீருவுக்கும் சீதோனுக்கும் ‘இலகுவாயிருக்கும்’ (மத்தேயு 11:22). கேள்விப்படாத ஒரு பாட்டிக்கும், தெரிந்தே பிள்ளைகளை விற்றவனுக்கும் ஒரே தீர்ப்பு என்று பிரசங்கிக்கிறவர் இந்த வசனங்களை வாசிக்கவில்லை.

நான்காவதுதான் துதிக்கு நேரடியானது. தேவன் தண்டிப்பதில் இன்பம் காண்பவர் அல்ல. துன்மார்க்கனுடைய மரணத்தை விரும்பவில்லை என்று எசேக்கியேல் 33:11-இல் அவரே சொல்கிறார். புலம்பல் 3:33: ‘அவர் மனப்பூர்வமாய் மனுபுத்திரரைச் சிறுமையாக்கிச் சஞ்சலப்படுத்துகிறதில்லை.’ நித்திய அக்கினி ஆயத்தம்பண்ணப்பட்டதும் ‘பிசாசுக்காகவும் அவன் தூதர்களுக்காகவும்’ (மத்தேயு 25:41). மனுஷனுக்காக ஆயத்தமானது ராஜ்யம் (25:34). நாம் நரகத்தைத் துதிப்பதில்லை, நியாயாதிபதியைத் துதிக்கிறோம்.

விதைநிலம்

ஜெனீவா வழி சகோதரரே, உங்கள் நாலாவது குறிப்புக்கு ஆமென். முதலாவதோடு உடன்பட முடியவில்லை.

‘நித்திய’ என்பது விளைவின் நித்தியமா, செயலின் நித்தியமா? யூதா 7-ஆம் வசனம் சோதோம் கொமோராவை ‘நித்திய அக்கினியின் ஆக்கினை’ அடைந்ததாகச் சொல்கிறது. சோதோம் இப்போது எரியவில்லை. ஏசாயா 34:10-இல் ஏதோமின் புகை என்றென்றைக்கும் எழும்பும். ஏதோமிலும் இன்று புகை இல்லை. வெளிப்படுத்தல் எழுதியவர் அந்தச் சொற்றொடரை அங்கிருந்துதான் எடுத்தார். மத்தேயு 10:28 ‘நரகத்திலே அழிக்க வல்லவர்’ என்கிறது; வாதிக்க என்று இல்லை. பாவத்தின் சம்பளம் மரணம் (ரோமர் 6:23). ஒருவராய்ச் சாவாமையுள்ளவர் தேவனே (1 தீமோத்தேயு 6:16); ஆத்துமா தானாகவே சாகாது என்பது கிரேக்க ஞானிகளிடமிருந்து வந்த சரக்கு. தீர்ப்புக்குப் பின் இரண்டாம் மரணம், அதோடு அழிவு. இங்கிலாந்து சபையின் உபதேசக் குழு 1995-இல் வெளியிட்ட அறிக்கையும் இந்தத் திசையில்தான் சாய்ந்தது.

துதிக்கு இதனால் என்ன லாபம்? முடிவில் தேவனுக்கு எதிரான ஒரு மூலைகூட மீதியில்லை. ‘தேவனே சகலத்திலும் சகலமுமாயிருப்பதற்கு’ (1 கொரிந்தியர் 15:28) என்ற வசனத்தை முழுதாகப் பாட முடிகிறது.

ஜெனீவா_வழி

சுருக்கமாக இரண்டு.

‘அழிக்க’ என்பது அப்பொல்லூமி. தோற்பைகள் ‘கெட்டுப்போம்’ (மத்தேயு 9:17), ‘காணாமற்போன’ ஆடு (லூக்கா 15) இரண்டும் அதே வினைதான். கிழிந்த தோற்பை இல்லாமற்போவதில்லை, உதவாமற்போகிறது. அந்த ஆடும் மாயமாகவில்லை. ஆகவே அந்தச் சொல் மட்டும் உங்கள் வழக்கை ஜெயிக்காது.

வெளி. 14:11-இல் புகையோடு வசனம் முடிவதில்லை. ‘இரவும் பகலும் இளைப்பாறுதல் இராது’ என்று தொடர்கிறது. 20:10-உம் அப்படியே. இந்த இரண்டையும் உங்கள் பக்கம் இன்னும் நன்றாகச் சந்திக்க வேண்டும். அதே நேரம், யூதா 7 எங்கள் பக்கத்துக்கு வசதியான வசனம் அல்ல என்பதை ஒத்துக்கொள்கிறேன்.

தாபோர்மலை

மூன்றாவது கட்சியும் சபை வரலாற்றில் உண்டு என்று பதிவு செய்யவாவது எழுதுகிறேன். நாலாம் நூற்றாண்டில் நீசாவின் கிரகோரி, தேவனுடைய அக்கினி பொன்னைப் புடமிடுவது போல, முடிவில் எல்லாம் சுத்திகரிக்கப்படும் என்று எழுதினார். இதே போன்ற கருத்துக்குப் பேர்பெற்ற மூன்றாம் நூற்றாண்டு அறிஞர் ஓரிகனை 553-இல் கூடிய இரண்டாம் கொன்ஸ்தாந்திநோப்பிள் சங்கம் கண்டித்தது. அவர் பெயரோடு சேர்ந்து வரும் 15 சாபத்தீர்மானங்கள் அந்தச் சங்கமே நிறைவேற்றியவையா என்பதில் வரலாற்றாசிரியர்கள் ஒத்துப்போவதில்லை. கிரகோரியை எந்தச் சங்கமும் தொடவில்லை. இன்றுவரை அவர் பரிசுத்தவான். இங்கிலாந்து சபையில் 1553-இன் 42 பிரிவுகளில் கடைசிப் பிரிவு ‘எல்லாரும் இரட்சிக்கப்படுவார்கள்’ என்பவர்களைக் கண்டித்தது. 1563-இல் பிரிவுகளைத் திருத்தியபோது அதை எடுத்துவிட்டார்கள். தென்னிந்தியத் திருச்சபையில் ஆங்கிலிக்கன் வேரிலிருந்து வந்தவர்களுக்கு இது தெரிந்திருப்பது நல்லது.

மத்தேயு 25:46-இல் ‘ஆக்கினை’ என்பதற்கு மூலத்தில் ‘கொலாசிஸ்’. அரிஸ்டாட்டில் தம் சொல்லாட்சி நூலில், கொலாசிஸ் என்பது தண்டனை பெறுகிறவனின் நன்மைக்காக, திமோரியா என்பது தண்டிக்கிறவனின் மனநிறைவுக்காக என்று பிரிக்கிறார்.

எல்லாரும் மீட்கப்படுவார்கள் என்பதைக் கோட்பாடாகப் போதிக்க நான் துணியவில்லை. ஆனால் அதற்காக ஜெபிக்கலாம். கிழக்குச் சபைகளில் பெந்தெகொஸ்தே மாலை ஆராதனையின் முழங்கால் ஜெபங்களில் மூன்றாவது, பாதாளத்தில் கட்டுண்டவர்களுக்காக ஏறெடுக்கப்படுகிறது. இஸ்தான்புல் கோரா ஆலயத்தின் 14-ஆம் நூற்றாண்டுச் சுவரோவியத்தில் கிறிஸ்து ஆதாமையும் ஏவாளையும் கல்லறையிலிருந்து இழுக்கிறார். கதவுகளும் பூட்டுகளும் அவர் காலடியில் சிதறிக் கிடக்கின்றன. ‘பாதாளத்தில் இறங்கினார்’ என்று நாம் வாராவாரம் சொல்லிவிட்டு அவசரமாகக் கடந்துபோகிற வரி அது.

மூலமொழி_வாசகர்

தாபோர்மலை, கொலாசிஸ் வாதத்தில் ஒரு ஓட்டை. அரிஸ்டாட்டிலுக்கும் மத்தேயுவுக்கும் நடுவே நானூறு வருஷம். பொதுக் கிரேக்கத்தில் அந்தச் சொல் வெறும் தண்டனையையும் குறித்தது. 2 மக்கபேயர் 4:38-இல் ஒருவனைக் கொன்றதற்கே அந்தச் சொல்தான். திருத்துகிற தண்டனை என்று சொல் மட்டும் நிரூபிக்காது.

ஆனால் அதே சொல்லில் வேறொரு பொக்கிஷம் இருக்கிறது. கொலாசிஸ் என்ற பெயர்ச்சொல் புதிய ஏற்பாட்டில் இரண்டே இடத்தில் வருகிறது. ஒன்று மத்தேயு 25:46. மற்றது 1 யோவான் 4:18: ‘அன்பிலே பயமில்லை, பூரண அன்பு பயத்தைப் புறம்பே தள்ளும், பயமானது வேதனையுள்ளது.’ அந்த ‘வேதனை’தான் கொலாசிஸ். தமிழில் ஒன்று ஆக்கினை, மற்றது வேதனை என்று போனதால் இணைப்பு தெரிவதில்லை. யோவானின் கணக்கில், தண்டனைப் பயத்தினால் மட்டும் தேவனண்டை ஒட்டிக்கொண்டிருப்பவர் அந்தத் தண்டனையின் ருசியை இப்போதே பார்த்துக்கொண்டிருக்கிறார். இழையின் கேள்விக்கு இது நேரான பதில்களில் ஒன்று என்று நினைக்கிறேன்.

உத்தரியம்

இயேசுவுக்கே புகழ். கத்தோலிக்கப் பக்கத்திலிருந்து.

திருச்சபையின் மறைக்கல்வி ஏடு 1033-ஆம் எண்ணில் நரகத்தை, கடவுளோடுள்ள உறவிலிருந்து ஒருவர் தம்மைத்தாமே இறுதியாக விலக்கிக்கொள்ளும் நிலை என்கிறது. 1037-இல், கடவுள் யாரையும் நரகத்துக்கென்று முன்குறிப்பதில்லை. 1058-இல், ஒருவரும் இழந்துபோகக்கூடாது என்று திருச்சபை மன்றாடுகிறது. புனிதர் பட்டம் கொடுத்து ஆயிரக்கணக்கானவர் விண்ணகத்தில் இருப்பதாக அறிவித்த திருச்சபை, பெயர் சொல்லி ஒருவரைக்கூட நரகத்தில் இருப்பதாக இதுவரை அறிவித்ததில்லை.

துதியும் நரகமும் எப்படி ஒன்றாக நிற்கும் என்பதை ஜெபமாலை சொல்கிறவர்கள் நாள்தோறும் வாயால் செய்கிறார்கள். 1917 பாத்திமா காட்சிக்குப் பின் சேர்ந்த சிறு ஜெபம், ஒவ்வொரு பத்து மணிக்கும் பிறகு, அதாவது ஐந்து தேவஇரகசியத்துக்கு ஐந்து தடவை வரும். அதன் வரிசையைக் கவனியுங்கள். திரித்துவப் புகழ் முடிந்த கையோடு வருகிறது. முதலில் மன்னிப்பு, அடுத்து நரக நெருப்பிலிருந்து ‘எங்களை’ மீட்கக் கேட்பது, அடுத்து ‘எல்லாரையும்’ விண்ணகத்துக்கு நடத்தக் கேட்பது, கடைசியில் இரக்கம் மிக அதிகமாகத் தேவைப்படுகிறவர்களுக்காக. நரகம் என்ற சொல் அங்கே எதிரியின் மேல் விழவில்லை. ‘எங்களை’ என்று தொடங்குகிறது.

தவறாக மேற்கோள் காட்டப்படும் ஒன்றையும் சரிசெய்துவிடுகிறேன். ‘நரகத்தில் எரிகிறவர்களைப் பார்த்துப் புனிதர்கள் களிகூர்வார்கள் என்று தோமா அக்குவினா எழுதினார்’ என்பார்கள். அது அவருடைய இறையியல் தொகுப்பின் பிற்சேர்க்கை, 94-ஆம் வினா. அவர் இறந்தபின் அவருடைய முந்தைய எழுத்திலிருந்து தொகுத்தது. அங்கேயும் துன்பத்தைக் கண்டு நேரடியாகக் களிப்பதில்லை, தேவநீதியையும் தங்கள் விடுதலையையும் எண்ணிக் களிப்பார்கள் என்றே பிரிக்கிறது. அந்தப் பிரிப்பே எனக்குப் போதவில்லை. எருசலேமைப் பார்த்து அழுத ஆண்டவருக்கு (லூக்கா 19:41) அது ஒட்டவில்லை.

கேள்விக்குறி

எல்லாரும் மன்னிக்கவும். இதுவரை சொன்னதெல்லாம் நரகம் நியாயமானதா, எத்தனை நாள் என்பதைப் பற்றித்தான். வணங்காவிட்டால் தண்டனை என்ற நிபந்தனையின் கீழ் செய்யும் வணக்கம் வணக்கமா? ராஜாவின் சேவகர்கள் ஈட்டியோடு பின்னால் நிற்க, முன்னால் நின்று ‘எங்கள் ராஜா நல்லவர்’ என்று பாடுகிறவனின் பாட்டை யார் நம்புவார்?

மட்டுறுத்துனர்

கேள்விக்குறியின் கேள்வி இழைக்குள்ளேயேதான் இருக்கிறது. நீக்கச் சொல்லிப் புகார் அனுப்ப வேண்டாம். ஒரு வேண்டுகோள்: காலமான தலைவர்கள், நடிகர்கள், அயலார் யாரையும் பெயர் சொல்லி ‘அங்கே இருக்கிறார்’ என்று எழுதாதீர்கள். அப்படி வந்த இரண்டு இடுகைகளை எடுத்துவிட்டேன். 1 கொரிந்தியர் 4:5 (காலத்துக்கு முன்னே தீர்ப்புச் சொல்லாதிருங்கள்) இங்கே விதியும்கூட.

மீகாளின்_ஜன்னல்

கேள்விக்குறி தம்பிக்கும், இழையைத் தொடங்கிய சகோதரருக்கும் சேர்த்து எழுதுகிறேன்.

19-ஆம் அதிகாரத்து அல்லேலூயாவை 18 இல்லாமல் வாசித்தால் அது கொடூரமாகத்தான் கேட்கும். எரிகிறது யார்? பாபிலோன் என்ற நகரம். 18:12-13-இல் அவளுடைய வியாபாரச் சரக்குகளின் பட்டியல் இருக்கிறது: பொன், வெள்ளி, இரத்தினம், முத்து, பட்டு, தந்தம், திராட்சரசம், எண்ணெய், மெல்லிய மா, கோதுமை, மாடு, ஆடு, குதிரை, இரதம். மொத்தம் 28. பட்டியல் முடிவது எதில்? அடிமைகளில், மனுஷருடைய ஆத்துமாக்களில். மனுஷரைக் குதிரைக்கும் வண்டிக்கும் பின்னால் கணக்கெழுதிய கப்பல் பட்டியல் அது.

அந்த நகரத்துக்காக அழுகிறவர்களையும் பாருங்கள்: ராஜாக்கள், வர்த்தகர்கள், கப்பல்காரர்கள். மூன்று கூட்டத்தார், மூன்று புலம்பல். வர்த்தகர் ஏன் அழுகிறார்கள்? சரக்கை இனி வாங்க ஆளில்லையே என்று (18:11). அந்த அழுகை ஓய்ந்த இடத்தில்தான் பரலோகத்தின் அல்லேலூயா தொடங்குகிறது. காரணமும் சொல்லப்பட்டிருக்கிறது: ஊழியக்காரரின் இரத்தத்துக்கு நியாயம் கிடைத்தது (19:2). ‘எதுவரைக்கும்’ என்று பலிபீடத்தின் கீழிருந்து கேட்டார்களே (6:10), அவர்களுக்கு வந்த பதில் அது.

தம்பி சொன்ன படத்தில் ஈட்டி ராஜாவின் கையில் இருக்கிறது, பாடுகிறவன் பயந்தவன். வெளிப்படுத்தலில் பாடுகிறவர்கள் ஈட்டியால் குத்தப்பட்டவர்கள். சிங்காசனத்தின் நடுவில் நிற்பதும் ‘அடிக்கப்பட்ட வண்ணமாயிருக்கிற’ ஆட்டுக்குட்டி (5:6). குத்துப்பட்டவர் நியாயாதிபதியாக உட்காருகிறார் என்பதற்காகத்தான் துதி. விற்கப்பட்ட ஒரு பிள்ளைக்குக் கணக்குக் கேட்கிற நாள் வரவே வராது என்கிற ஒரு தேவனை, எந்த மிரட்டலும் இல்லாவிட்டாலும் என்னால் துதிக்க முடியாது.

விதைநிலமும் ஜெனீவா வழியும் புகை எத்தனை காலம் என்று பேசுகிறீர்கள். அது தேவையான பேச்சு. ஆனால் புகை யாருடையது என்பதை முதலில் கேட்க வேண்டும்.

கேள்விக்குறி

அக்கா, இந்தக் கோணத்தில் நான் வாசித்ததில்லை. ஆனால் இது பாபிலோனுக்குப் பொருந்துகிறது. ஒருவரையும் விற்காத, தன் பாட்டுக்கு வாழ்ந்து செத்த ஒரு சாதாரண ஆளுக்கு?

மீகாளின்_ஜன்னல்

அந்த இடத்தில் என்னிடம் அல்லேலூயா இல்லை, தம்பி. ரோமர் 9:2 இருக்கிறது: ‘மிகுந்த துக்கமும் இடைவிடாத மனவேதனையும்.’ பவுல் அங்கே தொடங்கி, 11:33-இல்தான் ‘ஆ! தேவனுடைய ஐசுவரியம், ஞானம்’ என்று துதிக்கு வருகிறார். நடுவில் 84 வசனங்கள். தன் ஜனத்துக்காகத் தானே சபிக்கப்பட்டவனாகவும் சம்மதம் என்கிறார், வாதாடுகிறார், வேதத்தைப் புரட்டுகிறார். துதிக்கு முந்தின கடைசி வசனம் ‘எல்லார்மேலும் இரக்கமாயிருக்கத்தக்கதாக’. நாம் அந்த 84 வசனங்களைத் தாண்டிக் குதித்து நேரே துதிக்குப் போவதால்தான் வாய் கசக்கிறது.

பாடகர்குழு_மேசை

இதை ஆராதனை ஒழுங்கில் எப்படி வைப்பது என்று நடைமுறையாக எழுதுகிறேன். நியாயத்தீர்ப்பு வசனங்கள் வரும் ஞாயிறுகளுக்கு (திருவருகைக் காலம், திருச்சபை ஆண்டின் கடைசி வாரங்கள்) இது ஒத்துவரும்.

தொடக்கத்தில் மூன்று உற்சாகப் பாடல் வேண்டாம், ஒன்று போதும். அடுத்து ஒரு புலம்பல் சங்கீதம், பாடலாகவோ மாறி மாறி வாசிப்பாகவோ: 10, 13, 94, 130 இவற்றில் ஒன்று. சங்கீதப் புத்தகத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு புலம்பல். நம் பாமாலைத் தெரிவில் அது காணாமலே போகிறது. பின் பாவ அறிக்கை, ‘நாங்கள்’ என்ற தன்மையில். பின் ஆதியாகமம் 18:22-33 மாதிரியில் மன்றாட்டு. ஆபிரகாம் ஐம்பதில் தொடங்கிப் பத்து வரை ஆறு தடவை இறங்கிக் கேட்டார். மன்றாட்டையும் ஆறு பகுதியாக, நடுவே ஒரு நிமிஷ மௌனம் விட்டு வைக்கலாம். அதற்குப் பிறகு பிரசங்கம். துதி கடைசியில், நற்கருணையோடு. பலியான ஆட்டுக்குட்டியை முன்னிறுத்தி முடியும்போது துதி தானாக இடம் பிடித்துக்கொள்கிறது.

சொதப்புகிற இடம் பெரும்பாலும் ஒன்றுதான்: நரகப் பிரசங்கம் முடிந்தவுடன் கீபோர்டில் மெல்லிசை வைத்து, விளக்கைக் குறைத்து, கை தூக்கச் சொல்வது. கேட்பவர் தீர்மானம் எடுப்பது வசனத்தினாலா, இசையினாலா என்று அவருக்கே தெரியாது. வாரம் மூன்று கழித்து அது கரைந்துபோகும்.

மூலமொழி_வாசகர்

அதோடு சேர்த்து ஒரு கணக்கு. கெஹென்னா வரும் 12 இடங்களையும் ஒரு தாளில் எழுதி, பக்கத்தில் ‘யாரிடம் சொன்னது’ என்று ஒரு பத்தி போடுங்கள். மத்தேயு 5, 10, 18, மாற்கு 9, லூக்கா 12: சீஷர்களிடம். மத்தேயு 23:15, 33: வேதபாரகர், பரிசேயரிடம். யாக்கோபு 3:6: நாவை அடக்காத விசுவாசிகளிடம். அயலாரைப் பார்த்துச் சொன்னது ஒன்றுகூட இல்லை. அப்போஸ்தலர் நடபடிகளில் அவர்கள் ஊர் ஊராகச் செய்த பிரசங்கங்களில் அந்தச் சொல் ஒரு தடவைகூட வரவில்லை. பவுலின் நிருபங்களிலும் இல்லை. நியாயத்தீர்ப்பு வருகிறது (அப்போஸ்தலர் 17:31, 24:25), உயிர்த்தெழுதல் வருகிறது, கெஹென்னா வருவதில்லை. நாம் பேருந்து நிலையத்தில் அயலாரிடம் கத்துவதை, ஆண்டவர் உள்வீட்டுக்காரரிடம் தணிந்து சொன்னார்.

வேலை எளிது: ஒரு மணி நேரம், ஒரு தாள், ஒத்தவாக்கிய அகராதி. வாலிபர் வேதபாடத்துக்கு இதைவிட நல்ல முதல் வாரம் கிடையாது.

ஓய்வுநாள்_ஆசிரியை

சிறுபிள்ளைகளைப் பற்றி யாரும் எழுதவில்லை. விடுமுறை வேதாகமப் பள்ளியில் நரகத்தைப் படம் போட்டுக் காட்டும் வழக்கம் இன்னும் இருக்கிறது. பத்து வயதுக்குக் கீழே அதைச் செய்யாதீர்கள். அந்த வயதுப் பிள்ளைக்கு உருவகம் புரியாது. தீ என்றால் அடுப்புத் தீதான். விளைவு எப்படித் தெரியும் என்றால், ஒரே பாவமன்னிப்பு ஜெபத்தை ராத்திரிதோறும் திரும்பத் திரும்பச் சொல்லும், தனியாகப் படுக்காது, இறந்துபோன தாத்தா எங்கே என்று கேட்டுக்கொண்டே இருக்கும். அது விசுவாசம் அல்ல.

அவர்களுக்குச் சொல்லக்கூடியது: தப்பு செய்தவர்களிடம் கடவுள் கணக்குக் கேட்பார், அடிபட்டவர்களை அவர் மறக்க மாட்டார், உன்னைத் தேடி வருகிறார். லூக்கா 15 போதும். மத்தேயு 25-ஐச் சொன்னால் பசித்தவர், தாகமானவர், அந்நியர், வஸ்திரமில்லாதவர், வியாதியஸ்தர், காவலில் இருப்பவர் என்ற ஆறு பேரோடு தொடங்குங்கள். தீர்ப்பு எதைப் பற்றியது என்று பிள்ளைக்குத் தெரிந்துவிடும்.

தாத்தா எங்கே என்று கேட்டால்: ‘தாத்தா கடவுள் கையில் இருக்கிறார், கடவுள் நல்லவர், நியாயமானவர்.’ அதற்கு மேல் போகாதீர்கள். அடக்க ஆராதனைப் பிரசங்கத்திலும் இதுவே எல்லை. விசுவாசிக்காத கணவரைப் புதைக்கிற ஒரு பெண்ணிடம் அவர் எங்கே போனார் என்று சொல்ல எந்த ஊழியருக்கும் அதிகாரம் தரப்படவில்லை.

உத்தரியம்

ஆசிரியை சொன்னது பெரியவர்களிலும் உண்டு. பாவசங்கீர்த்தனம் முடித்து வெளியே வந்தவுடன் ‘சரியாகச் சொன்னேனா’ என்று மறுபடி வரிசையில் நிற்பவர்கள். மன்ரேசாவில் 1522-இல், பின்னாளில் இயேசு சபையை நிறுவிய இஞ்ஞாசியார் இதே வதையில் கிடந்தார். லுத்தர் மடத்தில் கிடந்தார். அவருடைய ஆன்மகுரு ஸ்டவ்பிட்ஸ், முன்குறிப்பைப் பற்றிக் குழம்பாமல் கிறிஸ்துவின் காயங்களைப் பார் என்று சொன்னார்.

இதற்குப் பழைய குருக்கள் வைத்த வைத்தியம்: ஒரே குருவிடம் மட்டும் போ, மன்னிப்புப் பெற்ற பாவத்தை இரண்டாம் தடவை அறிக்கையிடாதே, அறிக்கைக்கு நாள் குறித்துக்கொள், நடுவில் ஓடிவராதே. எண்ணம் நாள் முழுக்கச் சுழன்று தூக்கமும் சாப்பாடும் கெட்டால் அது மனநல மருத்துவர் பார்க்க வேண்டிய நோய். மருத்துவரிடம் அனுப்புவது விசுவாசக் குறைவு அல்ல. இவர்களிடம் மன்னிக்கப்படாத பாவத்தைப் பற்றிய மத்தேயு 12:31-ஐ விளக்கிக்கொண்டு உட்காராதீர்கள். எந்த விளக்கமும் அடுத்த சந்தேகத்துக்கு விறகாகும்.

பயத்தினால் வரும் மனஸ்தாபத்தை, அதாவது பாவத்துக்காக வருந்துவதை, திருச்சபை தள்ளுவதில்லை. 1551-இல் திரிதெந்து சங்கம் அதையும் கடவுளின் கொடை என்றே ஏற்றது. ஆனால் அது வாசற்படி. அன்பினால் வருவதைத்தான் நம் முன்னோர் ‘உத்தம மனஸ்தாபம்’ என்று பெயரிட்டார்கள். கேள்விக்குறி தம்பியின் ஈட்டிக் கேள்விக்கு அந்தப் பெயரிலேயே பாதி பதில் இருக்கிறது: பயத்தோடு வந்தவரை உள்ளே விடுகிறார்கள், வாசற்படியிலேயே குடியிருக்கச் சொல்லவில்லை.

ஆழங்களிலிருந்து

எல்லாருக்கும் நன்றி. இழையை வைத்து வாலிபர் வேதபாடத்துக்கு நாலு வாரம் இப்படிப் பிரிக்கிறேன். குறை இருந்தால் சொல்லுங்கள்.

முதல் வாரம்: 12 வசனத் தாள், ‘யாரிடம்’ பத்தியோடு. இரண்டாம் வாரம்: எரேமியா 7, வெளிப்படுத்தல் 18, 19 சேர்த்து வாசிப்பு. மூன்றாம் வாரம்: ஜெனீவா வழி, விதைநிலம், தாபோர்மலை மூன்று பக்கமும், ஒவ்வொன்றுக்கும் அதன் மிகக் கடினமான வசனத்தோடு (யூதா 7, வெளி. 14:11, மத்தேயு 25:46). நாலாம் வாரம்: ரோமர் 9:1 முதல் 11:36 வரை, வியாக்கியானம் இல்லாமல் சத்தமாக ஒரே மூச்சில்.

வெளி. 19:3-ஐ இந்த நாலு வாரத்தில் பாடப்போவதில்லை. நாலாம் வாரம் 11:36-இல் ‘ஆமென்’ என்று முடியும், அதோடு விடலாம் என்று நினைக்கிறேன்.

மீகாளின்_ஜன்னல்

சகோதரரே, இரண்டாம் வாரத்தில் 18:13-ஐ வாசிக்கும்போது பட்டியலை வேகமாகக் கடந்துவிடாதீர்கள். 28 சரக்கையும் 28 பேர் ஆளுக்கொன்றாக எழுந்து வாசிக்கட்டும். கடைசிச் சரக்கை வாசிக்கிறவர் உட்காராமல் நிற்கட்டும். 19:1 அவர் நிற்கும்போது தொடங்கட்டும்.

ஜெனீவா_வழி

மூன்றாம் வாரத்துக்கு என் பக்கத்தின் கடின வசனமாக யூதா 7-ஐ விட எசேக்கியேல் 33:11-ஐப் போடுங்கள். எனக்கு அதுதான் உண்மையில் கடினம்.